பூஜ்யத்தின் மேல் ஒரு பிளாஸ்திரி

ஆஸ்பத்திரியில் அவளுக்கு முள்ளக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பேச்சில் குத்தல் உண்டு என்பதால் வந்த பெயர் என்று புதிதாகச் சேரும் நர்சுகள் நினைத்துக்கொள்வார்கள். அதுவும் பொய்யில்லை. ஆனால் உண்மையான காரணம் வேறு. முப்பத்து மூன்று வருஷம் அவள் ஒரே ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆபரேஷன் அறைக்கு இரண்டு அறை தள்ளி, ஜன்னலே இல்லாத ஓர் அறையில், ஆள் உயரத்துக்கு ஓர் எஃகுப் பெட்டி. ஆட்டோக்ளேவ் என்பார்கள். கத்தி, கத்தரி, இடுக்கி, பச்சைத் துணி என்று எல்லாவற்றையும் மூட்டை மூட்டையாகக் கட்டி அதற்குள் அடுக்கி, கதவை இறுக்கி, நீராவியை ஏற்றினால், கிருமி என்று ஒன்று உள்ளே உயிரோடு இருக்காது. அழுத்தத்தைக் காட்ட வெளியே ஒரு வட்டக் கண்ணாடி, அதற்குள் ஒரு முள். வேலை முடிந்ததும் நீராவியைத் திறந்துவிட்டால் முள் மெல்ல மெல்ல இறங்கும். பூஜ்யத்தைத் தொட்ட பிறகுதான் கதவில் கை வைக்கலாம். அதற்கு முன்னால் வைத்தால் என்ன ஆகும் என்பதை வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷமே அவள் தெரிந்துகொண்டாள். இடது முழங்கைக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தோல் சுருங்கிக் கிடக்கிறது. அன்றிலிருந்து, முள் இறங்க இறங்கத்தான் அவளுக்கு மூச்சு சீராகும். பூஜ்யம் வந்துவிட்டால் தோள் தானாகத் தளரும்.

ஒவ்வொரு மூட்டையின் மேலும் ஒட்டும் பட்டையில் தேதியை எழுதித் தன் பெயரின் முதல் எழுத்தைப் போடுவதும் அவள் வேலை. அந்த ஓர் எழுத்தைப் பார்த்துவிட்டால் எந்த டாக்டரும் மறுகேள்வி கேட்காமல் மூட்டையைப் பிரிப்பார். ஒருமுறை நடுவில் கரண்ட் போய் வந்தது. நீராவி முழு நேரமும் நின்றதா, இடையில் இறங்கியதா என்று அவளுக்குச் சந்தேகம். உள்ளே நாற்பது மூட்டை. ஆபரேஷனுக்கு ஆள் காத்திருக்க, பெரிய சர்ஜனே வாசலுக்கு வந்து கத்தினார்.

“எழுத்தைப் போட்டுக் குடுங்கம்மா, மத்ததை நான் பார்த்துக்கறேன்!”

“நீங்க பார்த்துக்குவீங்க சார். எழுத்து என்னுதாச்சே. எனக்கே நிச்சயமில்லாததுக்கு நான் எப்படிப் போடறது?”

நாற்பது மூட்டையையும் முதலிலிருந்து மறுபடி ஓட்டினாள். சர்ஜன் முக்கால் மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். நிற்கட்டுமே, காலா வலிக்கப் போகிறது? சந்தேகம் என்றால் வாதாடக் கூடாது, ஒப்பேற்றக் கூடாது, முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அந்த அறையின் சட்டம் அது. போட்டவள் அவள்தான்.

இப்படிப்பட்டவள் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த அன்று, தம்பி வந்து உட்கார்ந்திருந்தான். மூக்கு ஒழுக ஒழுக இடுப்பில் தூக்கி வளர்த்தது அவள்தான். இப்போது மீசை நரைத்து, டைல்ஸ் கடை முதலாளியாகி, அவன் அவளுக்கு அண்ணனாகிவிட்டான்.

“அக்கா, எங்க வீட்டு மாடி ரூமுக்கு டைல்ஸ் ஒட்டியாச்சு. வழுக்காத டைல்ஸ்.”

“யாருக்கு?”

“உனக்குத்தான். இனிமே நீ தனியா இருக்கக் கூடாது. போன வருஷம் பாத்ரூம்ல விழுந்தியே, மறந்துட்டியா?”

“விழுந்தேன். எந்திரிச்சேன். எந்திரிச்சதைப் பத்தி மட்டும் ஒருத்தரும் பேச மாட்டேங்கறீங்க.”

அவள் வீடு சின்னது. இரண்டாவது மாடியில் இரண்டே அறை. ஆனால் பெரிய ஜன்னல் ஒன்று இருந்தது. அதில் நின்றால் கீழே பஸ் டிப்போ முழுக்கத் தெரியும். விடியற்காலையில் டிரைவர்கள் கண்ணாடி துடைப்பதும், கண்டக்டர்கள் டீக்குச் சண்டை போடுவதும், பஸ்கள் வரிசையாகப் பின்னால் நகர்ந்து வெளியே போவதும் தெரியும். பகலெல்லாம் ஜன்னல் இல்லாத அறையில் கிடந்தவள், சேர்த்து வைத்து இந்த ஜன்னலில் நின்றாள். தம்பி வீட்டு மாடி அறைக்கும் ஜன்னல் உண்டு. அதைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி.

தம்பி கெட்டவன் இல்லை. அக்கா விழுந்த செய்தி கேட்டுச் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தவன். அதே சமயம், அவனும் மனைவியும் கடைக்குப் போய்விட்டால் வீட்டில் கேட்டைத் திறக்கவும், அடுப்பில் பாலைப் பார்க்கவும் ஓர் ஆள் இருந்தால் நல்லது என்பதும் அவனுக்குத் தெரியும். பாசம் எது, வசதி எது என்று பிரித்துப் பார்க்க அவனுக்கே வராது.

“நாற்பது நாள் தனியா ஊர் சுத்தப் போறேன். அதுக்கப்புறம் பேசலாம்” என்றாள் அவள்.

“தனியாவா? நாலாம் நாளே எனக்குப் போன் வரும் பாரு.”

இந்த இடத்தில் வேறு யாராவது சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். முள்ளக்காவுக்கு ரோஷம் ஏறிவிட்டது.

“வரலன்னா?”

தம்பி வியாபாரி. வாய்ச்சொல்லில் நம்பிக்கை இல்லாதவன். அங்கேயே கடை லெட்டர்பேடில் ஒரு தாளைக் கிழித்து எழுதினான்: ‘எந்த இடத்திலும் எவர் உதவியும் இல்லாமல், தனியாகப் போய்வந்தேன்.’ கீழே ஒரு கோடு இழுத்தான்.

“திரும்பி வந்ததும் இதுல உன் எழுத்தைப் போடு. போட்டுட்டா, உன் வீடு, உன் இஷ்டம். சாகற வரைக்கும் மாடி ரூம் பேச்சை எடுக்க மாட்டேன். போட முடியலன்னா சத்தமில்லாம பெட்டியைத் தூக்கிட்டு வந்துடணும். சரியா?”

“சரி.”

அவனுக்கு அக்காவைத் தெரியும். நடக்காததற்கு அந்த எழுத்து விழாது. அதை நம்பித்தான் அவன் பந்தயமே கட்டினான்.

அவள் கிளம்பினாள். ரயில், பஸ், படகு என்று முப்பத்தாறு நாளில் ஏழு ஊர் பார்த்தாள். பார்த்தாள் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பாதி நேரம் அந்தத் தாளைக் காப்பாற்றுவதிலேயே போனது. பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். வேண்டாம் என்று மூன்று மணி நேரம் நின்று முட்டி வீங்கியது. ஸ்டேஷனில் பக்கத்தில் இருந்த அம்மா “பையை நான் பார்த்துக்கறேன், போயிட்டு வாங்க” என்றாள். இவள் பையைத் தோளில் மாட்டி, பெட்டியையும் தூக்கிக்கொண்டு கழிவறைக்குள் போய், திரும்ப முடியாமல் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டினாள். ஒரு லாட்ஜில் உள்தாழ்ப்பாள் கழன்று கையோடு வந்துவிட்டது. கீழே சொன்னால் ஆள் வந்து சரி செய்வான். அது உதவியா, அவன் வேலையா? யோசித்து யோசித்து, நகவெட்டியின் முனையால் தானே திருகி முடித்தபோது காலை டிபன் நேரம் தாண்டியிருந்தது. வழி கேட்பது உதவி என்று தோன்றியதால் வரைபடம் வாங்கினாள். அதைப் படிக்கத் தெரியாமல் ஒரே தெருவை நாலு முறை சுற்றினாள். இது பயணமா, வேண்டுதலா என்று நமக்கே சந்தேகம் வரும். அவளுக்கு வரவில்லை.

தினமும் மாலை ஏழு மணிக்குத் தம்பி போன் செய்வான்.

“ஏதாவது வேணுமாக்கா?”

“ஒண்ணும் வேண்டாம்.”

இவ்வளவுதான் பேச்சு. வைத்துவிடுவார்கள்.

ஏழாவது ஊரிலிருந்து வரும் ரயிலில், யாரோ விட்டுப்போன பழைய பத்திரிகையில் ஒரு படம் பார்த்தாள். கடலுக்கடியில் ஒருவர் முதுகில் சிலிண்டரோடு மிதக்கிறார். சிலிண்டரிலிருந்து ஒரு குழாய் தொங்குகிறது. குழாயின் நுனியில் ஒரு வட்டக் கண்ணாடி. பத்திரிகையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, உள்ளே ஒரு முள்.

‘அட, இங்கேயும் நீதானா?’ என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். முள் இருக்கிற எதுவும் தனக்குக் கட்டுப்படும் என்று அவளுக்கு ஓர் எண்ணம். கடைசி நாலு நாளுக்கு மலை ஊர் ஒன்றை நினைத்திருந்தவள், அடுத்த ஸ்டேஷனில் இறங்கிக் கடற்கரை ஊருக்கு வண்டி மாறினாள்.

படகுத்துறைத் தெருவின் கோடியில், தகரக் கூரை போட்ட கொட்டகையில் டைவிங் பள்ளி இருந்தது. ரப்பர் வாசனை, எண்ணெய் வாசனை, மூலையில் சிலிண்டருக்குக் காற்று அடைக்கும் இயந்திரத்தின் இரைச்சல். அவளுக்குப் பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. அங்கே சொல்லித் தருகிறவள் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும், வெயிலில் மூக்கு உரிந்திருந்தது, கழுத்தில் விசில். எல்லோரும் டீச்சர் என்றார்கள்.

டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “டாக்டர் சர்டிபிகேட் வேணும் மேடம். காது, நெஞ்சு, ரெண்டும் பார்க்கணும்.”

முள்ளக்கா அரை மணி நேரத்தில் சர்டிபிகேட்டோடு வந்தாள். டாக்டர்களை எப்படி மடக்குவது என்று அவளுக்குத் தெரியாதா?

“நீச்சல்?”

“ஸ்கூல் படிக்கறப்போ முனிசிபல் குளத்துல கத்துக்கிட்டேன். இன்னும் மறக்கல.”

அடுத்து விண்ணப்பம். ‘அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும்?’ என்ற இடத்தில் அவள் தன் நம்பரையே எழுதியிருந்தாள்.

“மேடம், அவசரம்னா நீங்க தண்ணிக்குள்ள இருப்பீங்களே!”

“வெளிய வந்து எடுக்கறேன்.”

டீச்சர் சிரிக்கவில்லை. கடைசியில் முள்ளக்கா ஆஸ்பத்திரியின் ஆட்டோக்ளேவ் அறை நம்பரை எழுதிக் கொடுத்தாள். தம்பி நம்பரை எழுத அவள் கை வரவில்லை.

“இன்னொண்ணு. இங்க யாரும் தனியா இறங்க முடியாது. ஜோடி ஜோடியாத்தான். உங்களுக்கு இவர்தான் ஜோடி” என்று டீச்சர் கை காட்டினாள்.

பெஞ்சின் ஓரத்தில் ஒரு லாரி டிரைவர் உட்கார்ந்திருந்தார். கதவு அகலத்துக்கு உடம்பு, முறுக்கிய மீசை. துறைமுகத்தில் கப்பல் வராமல் லோடுக்காக ஒரு வாரமாக ஊரில் கிடக்கிறாராம். கூட இருந்த டிரைவர்கள் உசுப்பிவிட்டதில் பெயர் கொடுத்துவிட்டார். இப்போது முகம் வெளுத்துப் போயிருந்தது.

“நீச்சல் தெரியும்க்கா. ஆழம்னாத்தான் பயமா இருக்கு” என்றார்.

முள்ளக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தனியாகவே இருப்பது என்று முப்பத்தாறு நாள் தவம் இருந்தவளுக்குக் கடைசியில் கிடைத்த துணையைப் பாருங்கள். “எனக்கு ஜோடி வேண்டாம் டீச்சர்” என்றாள்.

“அப்போ கடலும் வேண்டாம்” என்றாள் டீச்சர்.

முள்ளக்கா பெஞ்சின் மறு ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். ஜோடி என்பது சட்டம்தானே, உதவி இல்லையே என்று மனதைச் சமாதானம் செய்தாள்.

மூன்று நாள் பாடம். இடுப்பளவுத் தண்ணீரில் மூச்சு விடப் பழகினார்கள். தண்ணீருக்குள் பேச முடியாது, எல்லாம் கைச்சாடைதான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வட்டமாகச் சேர்ந்தால், எல்லாம் சரி. கட்டைவிரல் மேலே பார்த்தால், மேலே போவோம். டீச்சர் உள்ளங்கையில் இரண்டு விரலைத் தட்டினால், காற்று எவ்வளவு மிச்சம் என்று அர்த்தம். முள்ளைப் பார்த்து விரலால் எண்ணைச் சொல்ல வேண்டும். முள் இருநூறில் ஆரம்பித்து இறங்கும். ஐம்பதுக்கு வந்தால் முஷ்டியைக் காட்டிவிட்டு எல்லோரும் மேலே வந்துவிட வேண்டும். ஒவ்வொருவர் சட்டையிலும் மஞ்சள் நிறத்தில் இன்னொரு மூச்சுக்குழாய் தொங்கும். அது தனக்கு இல்லை. ஜோடிக்குக் காற்று தீர்ந்தால் கொடுக்க. பரீட்சையில் இதையெல்லாம் எழுதி முள்ளக்கா முழு மதிப்பெண் வாங்கினாள். டிரைவர் ஏழு கேள்விக்குத் தப்பாக எழுதினார்.

நாற்பதாம் நாள் காலை படகில் போனார்கள். மாலை ரயிலுக்கு டிக்கெட் பையில் இருந்தது. இன்று ஒரு பொழுது ஓடிவிட்டால், அந்தத் தாளில் எழுத்தைப் போட்டுவிடலாம்.

இறங்கினார்கள். மேலே இருந்த அலைச் சத்தம், இன்ஜின் சத்தம் எல்லாம் நின்றுபோய், அவள் மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே இழுக்கும்போது உஸ்ஸென்று, வெளியே விடும்போது குமிழி குமிழியாக. நீராவி போகிற சத்தமேதான். பத்தாள் ஆழத்தில் பாறை தெரிந்தது. மஞ்சள் மீன்கள் ஒரு கூட்டமாக நேரே வந்து, அவள் முகத்துக்கு முன்னால் இரண்டாகப் பிரிந்து, முதுகுக்குப் பின்னால் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. யார் நீ, எதற்கு வந்தாய், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓர் ஆமை பாறையைச் சுற்றிப் போனது. அதன் பின்னாலேயே போனாள். காலை உதைத்து உதைத்து, கையை அடித்து அடித்து, வாய் நிறையக் காற்றை இழுத்துச் செலவழித்தாள்.

டீச்சர் திரும்பி, உள்ளங்கையில் இரண்டு விரலைத் தட்டினாள். காற்று எவ்வளவு?

முள்ளக்கா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள். முள் அழகாக, நடுக்கமில்லாமல் இறங்கி நாற்பதில் நின்றது. தோள் தானாகத் தளர்ந்தது. விரலை வட்டமாக்கிக் காட்டினாள். எல்லாம் சரி. டீச்சரும் தலையசைத்துவிட்டு முன்னால் போனாள்.

மூளை மூன்று நாள் படித்திருந்தது. கையும் கண்ணும் முப்பத்து மூன்று வருஷம் படித்திருந்தன. யார் பேச்சு எடுபடும்? முள் முப்பதுக்கு வந்தது. இருபதுக்கு வந்தது. பார்க்கப் பார்க்க அவள் மனம் நிம்மதியானது. இன்னும் கொஞ்சம்தான், இதோ பூஜ்யம், அப்புறம் பயமே இல்லை.

அப்போது யாரோ அவள் கையைக் கொத்தாகப் பிடித்தார்கள். டிரைவர். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் இரண்டும் பிதுங்கிக்கொண்டு வந்தன. அவள் முள்ளைக் காட்டினார், மேலே காட்டினார், மறுபடி முள்ளைக் காட்டினார். பயந்தாங்கொள்ளி என்று நினைத்து அவள் கையை உதறினாள். விரலை வட்டமாக்கி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் விடவில்லை. மறுபடி உதறி, மூச்சை இழுத்தாள்.

பாதிதான் வந்தது. அடுத்த மூச்சு கல்லாக இறுகி நின்றது. இழுத்தால் வாய்தான் வலித்தது.

அந்தக் கணத்தில்தான் அவளுக்கு முள் தலைகீழாகத் தெரிந்தது. பூஜ்யம் என்றால் திறக்கலாம் என்பதில்லை. பூஜ்யம் என்றால் ஒன்றுமே இல்லை. கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்துக் காட்டினாள், காற்று இல்லை. பயந்தாங்கொள்ளி டிரைவர் அதற்குள் தன் மஞ்சள் குழாயைக் கையில் எடுத்திருந்தார். அதை அவள் வாயில் வைத்து, அவள் சட்டைப் பட்டையைத் தன் முஷ்டிக்குள் சுருட்டிப் பிடித்தார். அவர் சிலிண்டரின் காற்று அவள் நெஞ்சுக்குள் போனது. டீச்சர் பாய்ந்து வந்து மறுபக்கம் பிடித்தாள். மூன்று பேரும் அவசரப்படாமல், குமிழிகளுக்குப் பின்னால், மேலே வந்தார்கள்.

படகில் உட்கார வைத்ததும் டீச்சர் வெடித்தாள். “நாற்பதுல எல்லாம் சரின்னு காட்டறீங்க! படிச்சீங்கதானே? எழுதுனீங்கதானே?”

டிரைவர் தன் துண்டை முள்ளக்காவின் தோளில் போட்டார். அவள் அதைத் தள்ளவில்லை.

“எங்க ரூம்ல முள் கீழ வந்தா நல்லது டீச்சர்” என்றாள். “பூஜ்யம் வந்தாத்தான் உயிருக்கு ஆபத்தில்லை. என் கண்ணு அப்படியே பார்த்துடுச்சு.”

டிரைவர் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “எங்க வண்டில டீசல் முள் கீழ வந்தாலே எனக்கு வேர்க்கும்க்கா. எங்கடா பங்க்குன்னு கண்ணு அலையும். அந்தப் பயத்துலதான் உங்க முள்ளையும் நானே பார்த்துக்கிட்டு வந்தேன்.”

டீச்சரின் கோபம் பாதி இறங்கியது. “நானும் எண்ணைக் கேட்டுட்டு, நீங்க சரின்னதும் திரும்பிட்டேன். ரெண்டாவது தடவை கேட்டிருக்கணும்” என்றாள். “ஆனாலும் இன்னொரு டைவ் உங்களுக்குக் கிடையாது மேடம். ரெண்டு தடவை இறங்கினாத்தான் டைவிங் தெரியும்னு கார்டு. கார்டு இல்லாம ஊருக்குப் போங்க. உயிரோட போறீங்கல்ல, போதும்.”

“போதாது.”

“என்னது?”

“எங்க ரூம்ல ஒரு லோடு சந்தேகமா இருந்தா, தூக்கியும் போட மாட்டோம், சரின்னும் சொல்ல மாட்டோம். முதல்லருந்து ஓட்டுவோம். என்னை முதல்லருந்து ஓட்டுங்க. நாளைக்கு. இடுப்பளவுத் தண்ணிலருந்து.”

“உங்களுக்குச் சாயங்காலம் ரயில் இருக்கே?”

“ரயில் போகட்டும்.”

“அப்போ விடியக்காலையில வந்துடுங்க” என்றாள் டீச்சர்.

அன்று மாலை லாட்ஜ் அறையில், உப்புப் படிந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது ஏழு மணிக்குப் போன் வந்தது. ரயில் ஏறிவிட்டாயா என்று தம்பி கேட்டான். ஒரு நாள் தள்ளிப் போட்டிருக்கிறேன் என்றாள்.

“ஏன்க்கா? ஏதாவது வேணுமா?”

நாற்பது நாளாகச் சொன்ன இரண்டு வார்த்தை. இன்று வாயில் வரவில்லை. “வந்து பேசறேன்” என்று வைத்துவிட்டாள். எழுத்து போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. எவர் உதவியும் இல்லாமல் என்ற இடத்தில், டிரைவரின் முஷ்டி அவள் சட்டைப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தம்பிக்குத் தெரியவரப் போவதில்லை, உண்மைதான். டீச்சர் சொல்லப் போவதில்லை, டிரைவர் யாரோ. ஆனால் எழுத்து அவளுடையதாச்சே. டிப்போவும் ஜன்னலும் நினைவுக்கு வந்தன. அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, கைப்பையில் எப்போதும் இருக்கும் பிளாஸ்திரிச் சுருளை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

மறுநாள் சிலிண்டரை மாட்டுவதற்கு முன்னால், கண்ணாடியின் மேல் பூஜ்யத்திலிருந்து ஐம்பது வரைக்கும் பிளாஸ்திரியை ஒட்டினாள்.

“என்ன மேடம் இது?”

“பூஜ்யம் என் கண்ணுல படக் கூடாது. பட்டா கண்ணு சந்தோஷப்படும். முள்ளு பிளாஸ்திரிக்குள்ள போச்சுன்னா நான் மேல.”

டீச்சர் பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நன்றாக அழுத்தி ஒட்டிவிட்டாள்.

இடுப்பளவில் ஆரம்பித்து, எல்லாவற்றையும் செய்து காட்டி, மதியத்துக்கு முன் படகில் போய் இறங்கினார்கள். இந்த முறை அவள் ஆமையைத் துரத்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, மெல்ல மூச்சு விட்டு, பாறை ஓரத்தில் மிதந்தாள். பக்கத்தில் டிரைவர். அவர் அவள் முள்ளைப் பார்த்தார். அவள் அவர் முள்ளைப் பார்த்தாள். ஒருவர் கண்ணாடியை ஒருவர் எட்டிப் பார்ப்பது, பரீட்சையில் காப்பியடிக்கும் பிள்ளைகளைப் போலத்தான் இருந்தது. ஆமை தானே வந்தது. அவர்களுக்கு நடுவில் புகுந்து, அவசரமில்லாமல் போனது. நேற்றைவிட இன்றுதான் கடல் அழகாக இருந்தது. டீச்சர் கேட்பதற்கு முன்னால், முள்ளின் நுனி பிளாஸ்திரியைத் தொட்டதும், முள்ளக்கா முஷ்டியை உயர்த்தினாள்.

கார்டைக் கொடுக்கும்போது டீச்சர், “அடுத்த வருஷம் வாங்க” என்றாள். டிரைவர் படகுத்துறையிலேயே விடைபெற்றார். கப்பல் வந்துவிட்டதாம்.

“வரேன்க்கா. முள்ளைப் பார்த்துக்குங்க.”

“நீங்களும் டீசலைப் பார்த்துக்குங்க டிரைவரே.”

தம்பி வீட்டுக்கே நேராகப் போனாள். சாப்பாட்டு மேஜை மேல் தாள் தயாராக இருந்தது. அதன் மேல் பேனாவும் இருந்தது. தம்பி மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டாள்.

முள்ளக்கா ஒன்றையும் ஒளிக்கவில்லை. ஆமையிலிருந்து மஞ்சள் குழாய் வரை சொன்னாள். தம்பியின் முகத்தில் இரத்தமே இல்லை. எல்லாம் கேட்டு முடித்த பிறகு, மெல்லக் கேட்டான்.

“அப்போ இதுல எழுத்துப் போட முடியாது.”

“முடியாது.”

“நல்லவேளை, உயிரோட வந்தே. நாளைக்கே ஆள் வெச்சு உன் சாமானை எல்லாம்…”

“வர மாட்டேன்.”

“அக்கா! வாக்குக் குடுத்திருக்கே.”

“குடுத்தேன். சந்தேகமான லோடுடா அது. எழுதறப்பவே தப்பு. எவர் உதவியும் இல்லாமன்னு நீ எழுதினே, நானும் ரோஷத்துல தலையாட்டினேன். பஸ்ல உட்காரச் சொன்னதுக்கு மூணு மணி நேரம் நின்னேன், முட்டி இன்னும் வலிக்குது. அது என்ன வீரம்?”

“அதையேதான் நானும் சொல்றேன். ஒருத்தன் மூச்சு குடுத்தாத்தான் பொழைச்சே. தனியா இருக்க முடியாதுன்னு உனக்கே தெரிஞ்சு போச்சுல்ல?”

“அங்க யாருமே தனியா இறங்கறதில்லடா. டிரைவரும் தனியா இறங்கல, முந்நூறு தடவை இறங்கின டீச்சரும் தனியா இறங்கல. அவர் காத்து குடுத்தார், வாங்கிக்கிட்டேன். மேல வந்ததும் அவர் லாரிக்குப் போயிட்டார், நான் என் ரூமுக்கு வந்துட்டேன். காத்து குடுத்தேன், அதனால என் வீட்டு மாடில வந்து இருன்னா சொன்னார்?”

கதவோரம் நின்ற தம்பி மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

முள்ளக்கா தாளைத் திருப்பினாள். பேனாவை எடுத்து, மூட்டையின் மேல் எழுதுகிற அதே கட்டை எழுத்தில் எழுதினாள்: ‘நாற்பத்தொரு நாள் போய்வந்தேன். ஒருவர் கொடுத்த காற்றில் பிழைத்தேன். மறுநாள் திரும்ப இறங்கினேன். என் வீட்டில்தான் இருப்பேன்.’ தேதியைப் போட்டாள். கீழே, நிறுத்தி நிதானமாக, தன் எழுத்தைப் போட்டுத் தம்பி பக்கம் தள்ளினாள்.

தம்பி அதைக் கையில் எடுத்துப் பார்த்தான். ஒரு முறை படித்தான், மறுபடி படித்தான். அந்த எழுத்தைப் பார்த்த பிறகு பெரிய சர்ஜன்கூட மறுகேள்வி கேட்டதில்லை.

“அந்த டைல்ஸ்…” என்றான் கடைசியில்.

“நல்ல டைல்ஸ்தான். அதுல கொஞ்சம் எடுத்து வந்து என் பாத்ரூம்ல ஒட்டிக் குடு.”

அவள் எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் இருந்த பெட்டியைக் காலால் அவன் பக்கம் நகர்த்தினாள்.

“முட்டி வலிக்குதுடா. இதை என் வீட்டு ரெண்டாவது மாடி வரைக்கும் தூக்கிட்டு வா.”

நாற்பத்தொரு நாளில் அவள் அவனிடம் கேட்ட முதல் உதவி அது. தம்பி பெட்டியைத் தூக்கினான்.